உறுப்பினர்களுக்கு இன்று விடுமுறை

மனிதன் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்கப்புறம் பல ஆயிரம் ஆண்டுகள் சில்லறை வேலைகளில் காலத்தைக் கழித்துவிட்டு, கடைசியாகத்தான் உருப்படியான ஒன்றைக் கண்டுபிடித்தான்: சங்கம். அந்தக் கண்டுபிடிப்பு தன் உச்சத்தை எட்டிய இடம் ஆம்பூரில், பசை விற்கும் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. இதைத் தற்பெருமை என்று நினைக்க வேண்டாம். அந்தச் சங்கத்தின் தலைமை நிர்வாக அலுவலர் பிரேம்நாத் என்பவன் நான்தான். எனவே இது அதிகாரபூர்வமான தகவல்.

'ஆம்பூர் வட்டார ஷூ அப்பர் ஜாப்வொர்க் யூனிட் உரிமையாளர்கள் சங்கம்' என்பது முழுப்பெயர். பெரிய கம்பெனிகள் வெட்டி அனுப்பும் தோலை வாங்கி, ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைத்துத் திருப்பிக் கொடுக்கும் சின்ன யூனிட்காரர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர் இதன் உறுப்பினர்கள். பெயர்ப்பலகை எங்கள் மாடியைவிட நீளமாகிவிட்டதால் 'சங்கம்' என்ற கடைசிச் சொல் பக்கத்துக் கட்டடத்துப் பல் மருத்துவர் வாசலுக்கு மேலே தொங்குகிறது. பல்வலிக்காரர்கள் சிலர் எங்களிடம் வந்துவிடுவதுண்டு. அவர்களுக்கும் டோக்கன் கொடுத்து உட்கார வைப்போம்.

கீழ்க்கடைப் பசையின் நெடி நாள் முழுக்க மேலே வந்துகொண்டே இருக்கும். புதியவர்களுக்குத் தலை சுற்றும். எங்கள் தீர்மானங்கள் எல்லாம் ஒருமனதாக நிறைவேறுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சிலர் சொல்கிறார்கள், நான் மறுப்பதற்கில்லை.

எனக்கு முன்பு இருந்த காலம் ஓர் இருண்ட காலம். அப்போது ஓர் உறுப்பினர் மாடியேறி வந்து, "பாய், ஒரு லெட்டர் வேணும்" என்பார். உடனே டைப் அடிப்பார்கள், சீல் குத்துவார்கள், கையில் கொடுத்துவிடுவார்கள். வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் ஆள் கீழே இறங்கிப் போய்விடுவார். நினைத்தாலே உடம்பு கூசுகிறது. டோக்கன் கிடையாது, படிவம் கிடையாது, துணைக்குழு கிடையாது. வந்தவருடைய 'உறுப்பினர் அனுபவம்' எப்படி இருந்தது என்று குறித்துக்கொள்ள ஒரு நாதி கிடையாது.

எங்கள் தலைவர் நிசார் அஹமதுவும் நானும் பெங்களூரில் ஓர் ஓட்டலில் நடந்த மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்த பிறகுதான் விடிந்தது. 'சங்கத்தைத் திறம்பட நிர்வகிப்பது எப்படி?' என்பது பயிற்சியின் தலைப்பு. பயிற்றுநர் இன்பராஜ் முதல் நாளே எங்கள் கண்ணைத் திறந்துவிட்டார். சங்கம் என்பது வேலை செய்வதற்கான இடமே இல்லையாம். அது 'ஈடுபாட்டுக்கான வெளி'யாம். உறுப்பினர் கேட்டதைச் செய்துகொடுத்துவிட்டால் அவர் போய்விடுவார், அப்புறம் ஈடுபாடு எங்கிருந்து வரும் என்று கேட்டார். தலைவர் எழுந்து நின்று கைதட்டினார்.

திரும்பி வந்ததும் தொண்ணூற்று நான்கு பக்கத்தில் ஒரு நிர்வாகக் கையேடு எழுதினேன். ஏழு துணைக்குழுக்கள் அமைத்தோம். மற்ற ஆறு குழுக்களும் தேவையா என்று ஆராய்வது ஏழாவது குழுவின் பணி. அது இன்னும் ஒருமுறையும் கூடவில்லை.

இப்படி எல்லாம் அழகாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மேகலா வந்தார்.

மேகலா இருபத்திரண்டு பெண்களை வைத்து யூனிட் நடத்துகிறவர். பத்து வருடம் பெரிய கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு, பிறகு சொந்தமாக ஆரம்பித்தவர். கையேட்டை அவர் படித்ததில்லை என்பது அவர் நேராக என் மேஜைக்கு வந்ததிலிருந்தே தெரிந்தது.

"சார், ஒரு லெட்டர் வேணும்."

"டோக்கன் எடுத்தீங்களா?"

"நான் ஒருத்திதான சார் இருக்கேன்?"

"அதான் நம்பர் ஒண்ணு. எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தார். விஷயத்தைச் சொன்னார். அவர் தெருவில் பதினோரு யூனிட்கள். பத்து மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. மெஷின் நகர மாட்டேன் என்கிறது. திடீரென்று கரண்ட் ஏறினால் குதிக்கிறது. மின்வாரியத்தில் சிறு யூனிட்களுக்கென்று ஒரு டிரான்ஸ்பார்மர் வந்திருக்கிறது. எந்தப் பகுதி யூனிட்காரர் சங்கம் தீர்மானம் போட்டு, செயற்குழுவின் கையெழுத்தோடு முதலில் கடிதம் கொடுக்கிறதோ அந்தப் பகுதிக்கு அது போகும். இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை, கடைசி நாள்.

"ஒரே ஒரு பக்கம் சார். நானே எழுதிட்டு வந்துருக்கேன். நீங்க லெட்டர்பேடுல அடிச்சு, செயற்குழு பதினோரு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கிக் குடுத்தா போதும். நேத்து சுந்தரி வெரல்ல ஊசி எறங்கிடுச்சு. மெஷின் நின்னு நின்னு குதிக்குது. கம்பெனிக்காரன் இன்னா சொல்லிட்டான் தெரியுமா? அடுத்த மாசமும் டெலிவரி லேட்டானா வேற யூனிட்டுக்குக் குடுத்துடுவேன்றான்."

நான் படிவம் ஏழில் 'கோரிக்கையின் தன்மை' என்ற இடத்தில் 'உள்கட்டமைப்பு சார்ந்த விழைவு' என்று எழுதினேன். 'உறுப்பினரின் மனநிலை' என்ற இடத்தில் 'லேசான பதற்றம்' என்று எழுதினேன். சுந்தரியின் விரலுக்குப் படிவத்தில் இடம் இல்லை.

"இது உள்கட்டமைப்புத் துணைக்குழுவுக்குப் போகும் மேடம்."

"எப்ப கூடும்?"

"அங்கீகார ஆய்வு முடிஞ்சதும்."

"அது எப்ப?"

"பதினெட்டாம் தேதி."

"அப்ப பத்தொம்போதுக்குக் கெடைச்சுடுமா?"

"முன்னேற்றம் இருந்தா வாட்ஸ்அப்ல வரும்" என்றேன். உறுப்பினருக்கு நம்பிக்கையூட்டி அனுப்ப வேண்டும் என்பது கையேட்டின் இருபத்தாறாம் பக்கம்.

அங்கீகார ஆய்வு பற்றி இங்கே சொல்ல வேண்டும். நாட்டிலுள்ள சங்கங்களுக்கெல்லாம் சங்கமாக 'அனைத்திந்திய சங்கங்களின் சங்கம்' என்று ஒன்று இருக்கிறது. அது சங்கங்களை ஆய்வுசெய்து ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை வழங்கும். ஐந்து வாங்கிய சங்கம் தென்னிந்தியாவிலேயே இல்லை. தலைவருக்கு அதே நினைப்பு.

"பிரேம்நாத், ஆடிட்டாமே, ஆடிட்டு!" என்று அவர் சிரித்தார். "நம்ம ஊருக்கே ஆடிட் பண்ண வர்றாங்களா? கூப்புடு ஹயாத் பாஷாவ."

அவர் சிரித்ததில் நியாயம் உண்டு. எங்கள் தோல் பட்டறை ஊர்களில் ஆடிட் என்பது பண்டிகை மாதிரி. ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரனான பையர் ஆளனுப்பி, தொழிற்சாலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பான். அன்றைக்குத் தீயணைப்பு சிலிண்டர் பக்கத்துக் கம்பெனியிலிருந்து வரும். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வரும். குழந்தைகள் காப்பகத்தில் தூசி தட்டி, தொட்டில் கட்டி, யார் வீட்டிலிருந்தாவது குழந்தைகளை வாங்கி வந்து படுக்க வைப்பார்கள். ஏடாகூடமாகப் பதில் சொல்லக்கூடிய வேலையாட்களுக்கு அன்று மட்டும் சம்பளத்தோடு லீவு. பையரின் ஆள் சந்தோஷமாகத் திரும்பிப் போவான். இந்தக் கலையில் இருபது வருட அனுபவமுள்ளவர் ஹயாத் பாஷா. கம்பெனிகள் அவரைத் தேதி வாங்கிக்கொண்டு கூப்பிடும்.

ஹயாத் பாஷா வந்து அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தார். கோப்புகளைத் தட்டினார். டோக்கன் மெஷினைத் தடவிப் பார்த்து, "பஹுத் அச்சா" என்றார். பிறகு கேட்டார்.

"மெம்பருங்க எப்டி?"

"நூத்தி நாப்பத்து மூணு பேர்" என்றேன்.

"நம்பர் கேக்கல. கேட்டா இன்னா சொல்வாங்க?"

தலைவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அப்டின்னா லீவு வுட்டுடுங்க" என்றார் ஹயாத் பாஷா.

அதுதான் முடிவு. பதினெட்டாம் தேதி புதன்கிழமை உறுப்பினர்கள் அனைவருக்கும் சங்கத்திலிருந்து விடுமுறை என்று வாட்ஸ்அப்பில் அறிவித்தோம். வருகைப் பதிவேட்டில் நூற்று நாற்பத்து மூன்று பெயருக்கும் நேரே 'லீவு' என்று முன்கூட்டியே எழுதி வைத்தேன். உறுப்பினர்களால் நமக்கு ஏற்படக்கூடிய இடையூறுகளை இவ்வளவு மென்மையாகக் கையாண்ட சங்கம் உலகில் வேறு இருக்குமா, தெரியவில்லை.

வெறும் அறையை ஆய்வு செய்ய முடியாதே? குடியாத்தத்தில் லுங்கி நெய்பவர்கள் சங்கம் ஒன்றில் பேசி, நாற்பது பேரை வரவழைத்தோம். அடுத்த மாதம் அவர்களுக்கு ஆய்வு வரும்போது நம் ஆட்கள் போய்த் தறி முன்னால் உட்கார வேண்டும் என்பது ஒப்பந்தம். முந்தைய நாள் ஒத்திகை நடந்தது.

"சங்கம் உங்களுக்கு எப்டி?" என்று ஹயாத் பாஷா கேட்டார்.

"தாய் மாதிரி" என்று நாற்பது குரல்கள்.

"சத்தம் ஜாஸ்தி. கொஞ்சம் யோசிச்ச மாதிரி சொல்லணும். நீ சொல்லு வேலு, நீ இன்னா தொழில் பண்ற?"

வேலு நல்ல உழைப்பாளி, தறிக்காரர். யோசித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அப்பர் தைக்கிறேன்" என்றார். பிறகு மெதுவாக, "அண்ணே, அப்பர்னா இன்னாண்ணே?" என்றார்.

"ஷூவோட மேல்பாகம்."

"அப்ப கீழ்பாகம் யார் தைக்கிறது?"

"அது உனக்கு எதுக்கு? உனக்கு மேல்பாகம்தான். அத்தோட நிறுத்து."

பதினெட்டாம் தேதி காலை ஆய்வாளர் வந்தார். அம்பரீன் என்று பெயர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் டேப்லெட். சென்னையிலிருந்து வந்திருந்தார். கோப்புகளைப் பார்த்தார், குழுக்களைப் பார்த்தார், கையேட்டைக் கையில் எடுத்து எடைபோட்டுப் பார்த்தார். பிறகு உறுப்பினர்களோடு பேச உட்கார்ந்தார்.

"உங்க யூனிட்ல என்ன தைக்கிறீங்க?"

வேலு யோசித்த மாதிரி முகத்தை வைத்தார். முகம் நன்றாக வந்தது, பதில்தான் வரவில்லை. "லுங்கி" என்றார்.

அறையில் பசை நெடியைத் தவிர வேறு அசைவு இல்லை.

"லெதர்ல" என்று வேலு சேர்த்துக்கொண்டார்.

"லெதர் லுங்கியா?"

"எக்ஸ்போர்ட்டு மேடம்" என்றார் தலைவர்.

அந்த நேரத்தில்தான் வாசலில் குரல் கேட்டது. வாட்ச்மேன் அமீர் பாஷாவிடம், பட்டியலில் பெயர் உள்ளவர்களை மட்டும் விடு என்று சொல்லியிருந்தோம்.

"இன்னிக்கு உள்ள வுட முடியாதும்மா."

"நான் மெம்பர்ங்க."

"அதாம்மா சொல்றேன். மெம்பருக்கெல்லாம் லீவு."

மேகலாதான். செயற்குழுவின் பதினோரு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் நாள் வருடத்தில் அது ஒன்றுதான் என்று கணக்குப்போட்டு, கடிதத்தைத் தானே டைப் அடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அமீர் பாஷாவைத் தாண்டி அறைக்குள்ளும் வந்துவிட்டார். நாற்பது புது முகங்களைப் பார்த்தார். சுவரோரம் நின்ற ஹயாத் பாஷாவைப் பார்த்தார். பத்து வருடம் கம்பெனியில் ஆடிட் பார்த்தவர். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது.

"இவங்க யாரு?" என்றார் அம்பரீன்.

தலைவர் எழுந்து மேகலாவின் பக்கம் போய், அவருக்கும் எனக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னார்: "பேஜார் பண்ணிடாதம்மா. இது நல்லபடியா முடியட்டும். முடிஞ்சதும் கையெழுத்து. என் பொறுப்பு."

மேகலா அவர் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். பிறகு வேலு பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஆய்வாளரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கம்பெனிகளில் பயிற்சி கொடுத்தே வரவழைப்பார்கள். இவருக்குத் தானாக வந்தது.

"வணக்கம் மேடம். நான் இந்தச் சங்கத்து மெம்பர். இருவத்திரெண்டு பேர் வச்சு அப்பர் தைக்கிறோம். சங்கம் எங்களுக்கு எல்லாமே பண்ணுது. டோக்கன் குடுப்பாங்க, உக்கார வைப்பாங்க, படிவம் குடுப்பாங்க. மரியாதையா பேசுவாங்க."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஹயாத் பாஷா சுவரோரம் கண்கலங்கி நின்றார்.

"சங்கம் கடைசியா உங்களுக்கு எப்ப உதவி செஞ்சது?" என்றார் அம்பரீன்.

மேகலா தலைவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னிக்கு சாயங்காலம் செய்யப்போறாங்க மேடம்."

அம்பரீன் டேப்லெட்டில் ஏதோ தட்டினார். பிறகு அதை மூடி வைத்துவிட்டுப் பேசினார்.

"எனக்குச் சொந்த ஊர் வாணியம்பாடிதான். எங்கம்மா கம்பெனியில ஆடிட் வந்தா கிரீச்ல படுக்க வைக்க என்னத்தான் தூக்கிட்டுப் போவாங்க. அழாத குழந்தைன்னு எனக்கு நல்ல பேரு. ஒரே நாள்ல மூணு கம்பெனி தொட்டில்ல தூங்கியிருக்கேன்."

தலைவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்தது. நாற்பது நெசவாளர்களும் வாசலைப் பார்த்தார்கள். வேலு மட்டும், "தாய் மாதிரி" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார்.

"அந்த அனுபவத்துல சொல்றேன்," என்றார் அம்பரீன், "இவ்ளோ சுத்தமான ஏற்பாட்ட நான் எங்கயும் பார்த்ததில்ல. கையேடு இருக்கா, இருக்கு. குழு இருக்கா, இருக்கு. கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்கா, இருக்கு. யாரோட ஆளுன்னு கேக்க எங்க ஃபார்ம்ல கட்டம் இல்ல. அஞ்சு ஸ்டார்."

அறையே அதிர்ந்தது. பல் மருத்துவர் வீட்டிலிருந்து ஆள் வந்து என்னவென்று விசாரித்துவிட்டுப் போனார். அம்பரீன் கிளம்பும்போது ஒரு நிபந்தனை மட்டும் சொன்னார்: முப்பது நாட்களுக்குள் கையேட்டின் எந்த விதியையாவது சங்கமே மீறியது தெரிந்தால் ஐந்தும் ரத்து.

நெசவாளர்கள் பிரியாணி சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார்கள். தலைவர் மனது நிறைந்து, பேனாவைத் திறந்தார்.

"எங்கம்மா அந்த லெட்டர்? குடு, போட்டுடறேன்."

வரலாறு சில நேரங்களில் ஒரு தனிமனிதனின் தோளில் வந்து உட்காரும். அன்று என் தோளில் உட்கார்ந்தது.

"தலைவரே, விதி பதினாலு, உட்பிரிவு மூணு" என்றேன். "உறுப்பினர்கள் சார்பா தீர்மானம் போடணும்னா கூட்டத்துல குறைஞ்சது முப்பது உறுப்பினர்கள் இருக்கணும். இன்னிக்கு ஒருத்தர்கூட இல்ல."

"நான் இருக்கேனே சார்" என்றார் மேகலா.

"பதிவேட்டுப்படி நீங்க லீவுல இருக்கீங்க மேடம்."

"கண்ணு முன்னால நிக்கிறேன்!"

"நிக்கிறது வேற, வருகை வேற."

"அப்ப நாளைக்குக் கூட்டுங்க. நானே முப்பது பேரக் கூட்டிட்டு வர்றேன்."

"ஏழு நாள் முன்னறிவிப்பு வேணும். இருபத்தஞ்சாம் தேதிக்கு வைக்கலாம்."

மேகலா தலைவரைப் பார்த்தார். "பாய், என் பொறுப்புன்னு சொன்னீங்க."

தலைவர் பேனாவையும் என்னையும் சுவரில் ஐந்து நட்சத்திரச் சான்றிதழ் வரப்போகிற இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடினார். "ரூலு ரூலுதான்மா" என்றார். குரல் உள்ளேயே போய்விட்டது.

மேகலா கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அப்போது என் தொண்டையில் ஏதோ அடைத்தது உண்மை. பிரியாணியில் எலும்பு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் அன்று சாப்பிட்டிருக்கவில்லை.

டிரான்ஸ்பார்மர் நாட்றம்பள்ளிக்குப் போனது. அங்கே ஜியாவுல்லா என்பவர் யூனிட்காரர்களுக்கு ஒரு சங்கம் நடத்துகிறார். சங்கம் என்றா சொன்னேன்? ஒரு ரெக்சின் பை. அதற்குள் லெட்டர்பேடு, சீல், ஒரு பேனா. கையேடு இல்லை, டோக்கன் இல்லை, வாட்ஸ்அப் குழுவில்கூட நிக்காஹ் பத்திரிகைதான் வரும். அந்த மனிதர் பைக்கில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, பத்தொன்பதாம் தேதி மதியமே கொடுத்துவிட்டார். எவ்வளவு பின்தங்கிய நிர்வாகம் பாருங்கள்.

இருபத்தைந்தாம் தேதி எங்கள் கூட்டம் விதிப்படி கூடியது. டிரான்ஸ்பார்மர் கோரும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நகல் கோப்பில் இருக்கிறது.

அடுத்த மாதம் மேகலா மறுபடி மாடியேறி வந்தார். இந்த முறை கேட்காமலே டோக்கன் எடுத்தார்.

"யூனிட்ட நாட்றம்பள்ளிக்கு மாத்துறேன் சார். அங்க மெம்பரா சேரணும்னா இங்க இல்லன்னு ஒரு லெட்டர் கேக்குறாங்க."

"ஆளுங்கல்லாம்?"

"ஒம்போது பேர் பஸ்ல வர்றேன்னு சொல்லிருக்காங்க. பதிமூணு பேரால முடியாது. புள்ளைங்க நாலு மணிக்கு ஸ்கூல்லருந்து வந்துடும், அவ்ளோ தூரம் போய்ட்டு எப்ப திரும்புறது? சுந்தரி நேத்தோட நின்னுட்டா. வெரலு இப்பதான் ஆறுச்சு, இப்ப வேலை இல்ல."

விலகும் உறுப்பினரைக் காக்க வைப்பது அநாகரிகம் என்பது கையேட்டின் எண்பத்தொன்பதாம் பக்கம். துணைக்குழு வேண்டாம், கூட்டம் வேண்டாம், அலுவலர் ஒருவரே போதும். நான் லெட்டர்பேடை எடுத்தேன். டைப் அடித்தேன். சீல் குத்தினேன். கையெழுத்துப் போட்டு, மை காய ஊதிக் கொடுத்தேன். மேகலா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு நிமிஷம்" என்றார்.

"எங்க சேவை எப்பவும் அப்படித்தான் மேடம்" என்று நான் எழுந்து நின்று கைகூப்பினேன். "ஏதாவது கருத்து சொல்றீங்களா? பாராட்டுப் பதிவேட்டுல ஏத்திடுவேன்."

மேகலா கடிதத்தை மடித்துக்கொண்டே என் கையைப் பார்த்தார்.

"அன்னிக்கும் இதே கைதான சார் உங்ககிட்ட இருந்துச்சு?"

இறங்கிப் போய்விட்டார். நான் பதிவேட்டைத் திறந்து, தேதி போட்டு, என் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன்: 'உறுப்பினர் அலுவலரின் கையைக் குறிப்பிட்டுப் பேசினார்.'